இனி வாயசைப்பதாக இல்லை

மக்கா,

போன வியாழக்கிழமை நீ உன் அத்தை மகன் ஜெபினுக்கு அனுப்ப நினைத்து, கை தவறி நம் குடும்ப வாட்சாப் குழுவில் போட்ட குரல் செய்தியை, நீ அழிப்பதற்குள் பதினேழு பேர் கேட்டுவிட்டார்கள். நான் அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று கிடக்கிறது. கவலைப்படாதே, உன் கிரேஸ் சித்தி அதை இன்னொரு போனில் பிடித்து வைத்திருந்தாள். கூடப்பிறந்தவள் என்று எனக்கு அவள் செய்த முதல் உபகாரம். அடுத்த பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே வந்து, நாற்காலியில் உட்காரக்கூடச் செய்யாமல் போட்டுக் காட்டினாள். "அம்மா பாடினா நாறிப் போவும் டே. ஷைனி வீட்டுக்காரங்க முன்னால என்னால தலை காட்ட முடியாது. நீ யாரையாவது பாட வெச்சு ஒரு டிராக் எடுத்துரு. அம்மா மைக்கைப் பிடிச்சிட்டு நின்னாப் போதும். வாயசைக்க அம்மாக்குச் சொல்லிக் குடுக்கவா வேணும்?" இதைத்தான் நீ சொன்னாய். கடைசியில் ஒரு சிரிப்பு வேறு. கிரேஸ் அந்தச் சிரிப்பை மட்டும் இரண்டாம் தடவை போட்டுக் காட்டினாள்.

உனக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் பதினேழு பேர் கேட்ட கேள்விக்குப் பதிலும் பதினேழு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதை இந்தக் குழுவிலேயே போடுகிறேன். நீளமாக இருக்கும். அடுப்பில் வேலை இருப்பவர்கள் போகலாம். யாரும் போக மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணம் சொல்கிறேன். அடுத்த மாதம் கருங்கலில் உன் கல்யாணத்தில், நீயும் ஷைனியும் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற நேரம், மாப்பிள்ளை வீட்டுப் பாட்டை நான்தான் பாடுவேன். என் தொண்டையில்தான் பாடுவேன். ஷைனி வீட்டில் சாப்பாட்டு ஜெபத்தையே நாலு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள் என்பதும், ஷைனியின் அப்பா தும்மினால்கூட அது பேஸ் சுருதியில் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இருக்கட்டும். அவர்கள் வீட்டுப் பாட்டை அவர்கள் பாடட்டும், நம் வீட்டுப் பாட்டை நான் பாடுகிறேன்.

இனி காரணம். வாயசைக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றாய் அல்லவா, அது உண்மைதான். ஆனால் எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் ஒருவர் இருந்தார் என்பது உனக்குத் தெரியாது. நான் அஞ்சுகிராமத்துப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊர்ப் பேச்சு வறட்டுப் பேச்சு, வெயிலில் காயப்போட்ட மாதிரி இருக்கும். அருமனைக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், இங்கே ஆட்கள் மீன் விலை கேட்பதே எனக்குப் பாட்டாகக் கேட்டது. இப்படி ஊரே பாடும்போது நமக்கும் ஒரு இடம் இருக்கும் என்று சந்தோஷமாகச் சபையின் பாட்டுக் குழுவில், கொயரில் சேர்ந்தேன். நம் சபையில் கொயரில் இடம் கிடைப்பது குரலைப் பார்த்து இல்லை, பெஞ்சைப் பார்த்து. முன் பெஞ்ச் மேல்குரல் பாடும் பெண்களுக்கு, சோப்ரானோ. பின் பெஞ்ச் கீழ்க்குரல் பாடுகிறவர்களுக்கு, ஆல்டோ. ஆல்டோ பெஞ்ச் கிணற்றடி வீட்டு அக்கா தங்கச்சி மூன்று பேருக்குச் சொந்தம். பட்டா ஒன்றுதான் பாக்கி. முன் பெஞ்சில் மாமியார் இருந்த இடத்தில் மருமகள் உட்கார வேண்டும். என் மாமியார் முட்டுவலி என்று விலகியதும் அவருடைய வெள்ளைச் சேலையும் சோப்ரானோவும் எனக்கு வந்து சேர்ந்தன. சேலை உயரம் பத்தவில்லை. சோப்ரானோ எனக்கு எட்டவில்லை. சேலைக்குக் கீழே பார்டர் வைத்துத் தைத்தோம். குரலுக்கு என்ன வைத்துத் தைக்க?

மூன்றாவது பயிற்சி முடிந்ததும் கொயர் மாஸ்டர் தங்கையன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், கோபமே வராது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி இரண்டு சொல்லியிருப்பேன், கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் பிரியமாகச் சொன்னார்: "பிள்ளே, நீ நல்ல உயரம். வெள்ளைச் சேலையில நின்னா கொயருக்கே ஒரு களை. நீ நில்லு. வாயை நல்லாத் திற. சத்தம் மட்டும் எனக்குக் கேக்கப்பிடாது." நான் தலையாட்டினேன். மக்கா, நான் முப்பது வருஷம் தலையாட்டினேன். முப்பது கிறிஸ்துமஸ், முப்பது ஈஸ்டர், எத்தனையோ கல்யாணம், அடக்க ஆராதனை, எல்லாவற்றிலும் முன் பெஞ்சில் நின்று ஒரு சத்தமும் இல்லாமல் பாடினேன். அதில் நான் பெரிய கெட்டிக்காரி ஆனேன். எந்த இடத்தில் புருவத்தைத் தூக்க வேண்டும், எந்த இடத்தில் கண்ணை மூட வேண்டும், மேல் ஸ்வரம் வரும்போது கழுத்து நரம்பு எப்படிப் புடைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர் எத்தனையோ பேர் நடுவில் என்னைக் காட்டி, இந்த அம்மா பாடும்போது முகத்தில் என்ன ஒரு பக்தி என்று சொன்னார். கிணற்றடி வீட்டு மூத்த அக்கா சிரிப்பை இருமலாக மாற்றப் பட்ட பாடு எனக்கு இப்போதும் ஓர்மை இருக்கிறது.

கொயருக்கு வெளியே உண்மையைக் கண்டுபிடித்த முதல் ஆள் நீதான். உனக்கு அப்போது ஆறு வயசு. அப்பாவிடமிருந்து நழுவி வந்து என் காலடியில் உட்கார்ந்திருந்தாய். பாட்டு முடிந்து சபை அமைதியான அந்த ஒரு நிமிஷத்தில், "அம்மா, உன்கிட்டேருந்து சத்தமே வரல்ல" என்றாய். உன் குரலும் என்னைப் போலவே அடியிலிருந்து வரும் கனத்த குரல், கடைசி பெஞ்ச் வரை போயிற்று. நான் உன் வாயில் ஒரு புளிப்பு மிட்டாயைத் திணித்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்கு நான் தாலாட்டுப் பாடியதே இல்லை. கொயருக்கே ஆகாத குரல் பச்சைப் பிள்ளைக்கு ஆகுமா என்று பயந்து, நாகர்கோவிலிலிருந்து ஒரு தாலாட்டுக் கேசட் வாங்கி வரச் சொன்னேன். அதைத்தான் டேப்ரெக்கார்டரில் போடுவேன். அந்தக் கேசட் ஒரு மாசத்தில் நாடா சிக்கிச் செத்துப்போனது. ஆனால் நீ அதற்குள் அந்தப் பொத்தானை அமுக்கும் 'டக்' சத்தத்துக்கே பழகியிருந்தாய். பிறகு பாட்டே வேண்டாம், டக்கென்று அமுக்கினால் தூங்கிவிடுவாய். இதை நான் எத்தனையோ வீடுகளில் தமாஷாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது எழுதும்போது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

போன வருஷம் தங்கையன் சாருக்கு வயசாகிவிட்டதென்று கொயர் பொறுப்பிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். பொன்னாடை, கேக், மிக்சர் எல்லாம் உண்டு. நான் போய்க் கையைப் பிடித்து, சார் போய்ட்டு வாங்க என்றேன். அவர் என் கையை விடாமல் என் முகத்தைப் பார்த்து, "நீ இல்லாட்டா நம்ம சோப்ரானோ நின்னிருக்காது பிள்ளே, என்ன ஒரு குரலு" என்றார். கிண்டல் இல்லை மக்கா. அவர் மறந்தே போயிருந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அரை நிமிஷத்தில் சொன்ன ஒன்றை அவர் அன்றைக்குச் சாயங்காலமே மறந்திருப்பார். நான்தான் அதை ஆறாவது விரல் மாதிரி கூடவே வைத்திருந்தேன். கையில் மிக்சர் தட்டோடு வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா என்ன ஏது என்று கேட்டார். சவம், ஒண்ணுமில்லை, பல்வலி என்றேன். திங்கட்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து, ஊரில் சந்தை ரோட்டில் பெயின்ட் கடை மாடியில் பாட்டு சொல்லித்தரும் பெனிட்டாவின் முன்னால் போய் நின்றேன்.

பெனிட்டாவுக்கு இருபத்தாறு வயசு. திருவனந்தபுரத்தில் சங்கீதம் படித்தவள். அவளிடம் படிக்கிற மற்றவர்கள் எல்லாம் பல் விழுகிற வயசுப் பிள்ளைகள். நானும் அந்தக் கணக்கில் சேர்த்திதான், இரண்டு கடைவாய்ப் பல் போயாச்சு. பேத்தியைச் சேர்க்க வந்தீங்களா ஆன்ட்டி என்று கேட்டாள். இல்லை மோளே, நான்தான் என்றேன். பாட்டு ஒன்றும் பாட வேண்டாம், பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி சும்மா ஒரு 'ஆ' சொல்லுங்க என்றாள். சொன்னேன். கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தாள். ஒரு இடத்தில் என் சத்தமும் கட்டையின் சத்தமும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தன. "ஆன்ட்டி, நீங்க இங்க இருக்கீங்க" என்றாள். மூன்றாவது கட்டை, அதுதான் என் சுருதி. பெரும்பாலான பெண்களுக்கு அஞ்சரை, ஆறு என்று இருக்குமாம், ஆண்களுக்கு ஒன்று, இரண்டு. என்னுடையது மற்றப் பெண்களுக்குக் கீழே, அடித்தளத்தில் கிடந்திருக்கிறது. நான் முப்பது வருஷமாக அதை மாடியில் தேடியிருக்கிறேன். கிணற்றடி வீட்டுப் பெஞ்சில் ஒரு ஓரத்தில் என்னை உட்கார வைத்திருந்தால் கதையே வேறு. நான் அழுதேன் என்று பெனிட்டா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது பெயின்ட் வாசனை, எனக்கு ஒத்துக்கொள்ளாது.

பாட்டு கற்பது என்றால் உடனே பாட்டுப் பாடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் ஒன்றரை மாசம் பாட்டே கிடையாது. மூச்சுதான். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் தடிமனான புத்தகம் ஒன்றை வைத்து, மூச்சை இழுக்கும்போது அது எழும்ப வேண்டும், விடும்போது பையத் தாழ வேண்டும். தோள் அசையப்பிடாது. எனக்கு வயிறு எழும்பிய நிலையிலேயே இருப்பதால் புத்தகம் இரண்டு பக்கமும் சரிந்து விழுந்தது. உன் அப்பா ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டை எடுத்து வைத்தார், அது நின்றது. அடுத்தது சீறல். மூச்சை முழுக்க இழுத்து, பல்லுக்கு நடுவே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே அளவில் விட வேண்டும். முதல் நாள் எட்டு எண்ணுவதற்குள் தீர்ந்துபோனேன். இப்போது முப்பது வரை போகும். இரண்டாம் வாரம் நான் பின்கட்டில் சீறிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஸ்டீபன் அண்ணன் கம்போடு மதில் ஏறிக் குதித்தார். சாரை இல்லை, இது நல்லபாம்புதான் என்று அவர் ஆளைக் கூட்டியாச்சு. பாம்பு நான்தான் அண்ணே என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அந்த வாரமே மாதர் சங்கத்திலிருந்து நாலு பேர், என் ஆஸ்துமாவுக்காக ஜெபிக்க வந்தார்கள். எனக்கு ஆஸ்துமா இல்லை என்று சொன்னதை அவர்கள் விசுவாசக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். காப்பி குடித்து, நன்றாக ஜெபித்துவிட்டுப் போனார்கள். மூச்சு அதன் பிறகு இன்னும் நாலு எண்ணிக்கை கூடியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பிறகு உதட்டைத் தளர்த்தி 'ப்ர்ர்ர்' என்று ஸ்கூட்டர் கிளப்புகிற மாதிரி சத்தம் விட்டுக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே போக வேண்டும். வாயை மூடி 'ம்ம்' என்று முனகும்போது மூக்குத் தண்டில் கை வைத்தால் அதிர வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது, போனில் பதிவு செய்து தன் குரலைத் தானே கேட்பது. முதல் தடவை கேட்டபோது யாரோ ஒரு ஆம்பிளை அடுக்களையில் நுழைந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். தங்கையன் சார் பாவம், அவரும் இதைத்தானே கேட்டிருப்பார் என்று ஒரு நாள் முழுக்க அவர் பக்கம் சாய்ந்திருந்தேன். பெனிட்டா சொன்னாள், எல்லாருக்கும் அப்படித்தான் ஆன்ட்டி, பத்து நாள் விடாமல் கேளுங்க, பதினோராவது நாள் அது உங்க சொந்தக்காரி ஆயிரும் என்று. நம் சொந்தக்காரர்களை நினைத்து எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன். பயிற்சிக்கு இடம், நம் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை. காலையில் ரப்பர் பால் உறைவதற்குக் காத்திருக்கும் நேரம் எனக்குப் போதும். போனில் தம்புரா ஆப் மூன்று கட்டையில் ஓடும், நான் ச வைப்பேன், ப வைப்பேன், நம் நாய் எழுந்து பேச்சிப்பாறை பக்கம் பார்த்து நடக்கத் தொடங்கும். உன் அப்பா குறை ஒன்றும் சொல்லவில்லை, நாய் சோறு தின்ன மாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னார்.

இனி நீ பார்த்த அந்த வீடியோவுக்கு வருகிறேன், ஏனென்றால் உன் பயத்துக்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். நாலாம் மாசம், கிரேஸ் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நானாக எழுந்து ஒரு கீர்த்தனை பாடினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். தம்புரா ஆப்பை வீட்டில் விட்டுவிட்டேன், நம் சுருதி நமக்குத் தெரியாதா என்ற திமிர். எழுந்து நின்று, எதிரே அத்தனை வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் என் கால் நேராகப் பழைய பெஞ்சுக்குப் போய்விட்டது. சோப்ரானோ உயரத்தில் தொடங்கினேன். இரண்டாவது வரி மேலே போகும் இடத்தில் குரல் நடுவே கீறிப் பிளந்தது. ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு பிள்ளையின் அம்மா சிரித்தாள். கிரேஸ் சிரிக்கவில்லை, கை ஆடிவிடும் என்று. வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அது அன்றைக்கே மஸ்கட்டில் உனக்கு வந்து சேர்ந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டியாம்மா என்று வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடுதலாகக் கேட்டாய். நான் அப்போதே யூகித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் நான் வகுப்புக்குப் போகவில்லை. பெனிட்டாவின் போனை எடுக்கவில்லை. கொட்டகையில் உன் அப்பா தனியாக மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தார், நான் ஷீட்டை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். என் நினைப்பில்லாமலே அந்தக் கீர்த்தனையை வாய்க்குள் முனகியிருக்கிறேன் போல, அடித்தளத்தில், யாருக்கும் இல்லாமல். மெஷின் சத்தம் நின்றது. மெஷின் பல்லில் ஷீட் சிக்கிவிட்டதோ என்று திரும்பினேன். ஒன்றும் சிக்கவில்லை. உன் அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டு, "ஏட்டி, அந்த ரெண்டாவது வரியை இன்னொருக்க பாடு" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் இன்னொரு தடவை என்று கேட்டது மீன்குழம்பைத் தவிர வேறொன்றுமில்லை. பாடினேன். வரி கீறவில்லை. மேலே போகும் இடம் கொட்டகையின் தகரம் வரை போய்த் திரும்பி வந்தது. கொள்ளாம் என்று சொல்லிவிட்டு மறுபடி சுற்றத் தொடங்கினார். அருமனையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மக்கா, நீ எந்த ஸ்டுடியோவில் யாரை வைத்து டிராக் எடுத்தாலும் அது எனக்கு அந்த 'கொள்ளாம்' தராது. மறுநாள் வகுப்புக்குப் போனேன். தப்பு குரலில் இல்லை, தொடங்கிய இடத்தில் என்று பெனிட்டா அந்த வீடியோவை வைத்தே காட்டித் தந்தாள். அன்றிலிருந்து சுருதி கேட்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. கருங்கலுக்கும் அவளே வந்து மூன்று கட்டையில் கீபோர்டு வாசிப்பாள்.

இப்போது நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இதைக் குழுவில் எழுதலாமா என்று யோசித்தேன். என்னைப் பற்றிய கதையை எல்லாம் சிரிக்கச் சிரிக்கப் போட்டுவிட்டு, இதை மட்டும் ஒளித்தால் அது நேர்மையில்லை. உனக்குப் பத்து வயசு. ஓய்வுநாள் பள்ளி கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. உங்கள் வகுப்பு பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டு. ஒத்திகையில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் குருவி மாதிரி மேலே பாட, உன் குரல் மட்டும் அடியில் தனியாக, சத்தமாக, சந்தோஷமாகக் கேட்டது. இரண்டு அம்மாமார் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் திரைக்குப் பின்னால் வந்து, உன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே, "மக்கா, நீ வாயை மட்டும் அசை, கேட்டியா. சத்தம் மத்தப் பிள்ளைகள் போடட்டும்" என்றேன். பிரியமாகத்தான் சொன்னேன். தங்கையன் சாரைவிடப் பிரியமாக. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினாய். மேடையில் நீ வாயசைத்தது எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா? என் பிள்ளை அல்லவா. அதற்குப் பிறகு நீ பாடி நான் கேட்டதில்லை. வாலிபர் சங்கத்தில் எல்லாரும் கேரல் பாட, நீ ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளினாய். போனில்கூட நீ பேசுவது யாரோ பக்கத்தில் தூங்குகிற மாதிரி இருக்கும். உன் அலுவலகக் கூட்டங்களில் நீ மைக்கை அணைத்தே வைத்திருப்பதாக ஷைனி ஒரு தடவை பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் சிரித்தேன். பிறகு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தைக் கழுவினேன், கழுவ ஒன்றும் இல்லை.

அதனால்தான் நீ குரல் செய்தியில் சொன்னது எனக்குக் கோபத்தைவிட வேறொன்றைத் தந்தது. நான் உனக்குச் சொல்லித் தந்ததைத்தான் நீ எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாய், எழுத்து மாறாமல். உன்மேல் குற்றம் இல்லை. ஆனால் குற்றம் இல்லை என்பதற்காக நான் கீழ்ப்படிய வேண்டும் என்று இல்லை. ஒரு தடவை கீழ்ப்படிந்து முப்பது வருஷம் போயாச்சு, இன்னொரு முப்பது எனக்குக் கிடையாது. குரல் கீறினால் கீறட்டும். ஷைனியின் அப்பா ஒரு புருவத்தைத் தூக்கினால் தூக்கட்டும், எப்படித் தூக்குவது என்று அவருக்கே நான் சொல்லித் தருவேன். ஜெபின் நல்ல பிள்ளை, நீ கேட்டபடியே டிராக் எடுத்து நேற்று பென்டிரைவில் கொண்டுவந்து தந்தான். பாடியிருக்கும் பெண் யாரோ, தேன் மாதிரி பாடியிருக்கிறாள், அஞ்சரைக் கட்டை. முழுக்கக் கேட்டேன். அது பிறகு பால் உறைய வைக்கிற ஆசிட் கேனுக்குள் விழுந்துவிட்டது. எப்படி விழுந்தது என்று கர்த்தருக்குத்தான் தெரியும். மூடி நல்ல இறுக்கம், திறக்கவே நான் வெகு நேரம் கஷ்டப்பட்டேன்.

உனக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. காரில் வேலைக்குப் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, தோள் அசையாமல் மூச்சை வயிற்றுக்கு இழு, 'ஸ்ஸ்' என்று விடு. பத்து எண்ணினால் போதும், நான் எட்டில் தொடங்கியவள். சிக்னலில் நிற்கும்போது 'ம்ம்' என்று முனகி மூக்குத் தண்டைத் தொட்டுப் பார். பக்கத்துக் காரன் பார்த்தால் பார்க்கட்டும். உயரே போக முயலாதே, யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஒரு 'ஆ' சொல், அது விழுகிற இடம்தான் உன் வீடு. தம்புரா ஆப்பை மூன்று கட்டையில் வைத்துக்கொள், நீ எனக்கு ஒரு மாடி கீழே நிற்பாய். ஐஸ் தண்ணி குடிக்காதே. பதிவு செய்து கேள், பத்து நாள் தாங்கிக்கொள். இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். நான் பாடப்போகிற அந்தக் கீர்த்தனைக்கு மூன்று சரணம். முதல் இரண்டும் நான் பாடுவேன். நீ அந்த நேரத்தில் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவாய், ஷைனி போடுவாள், சாட்சிகள் போடுவார்கள், சபை முழுக்கப் பந்தியில் என்ன பாயசம் என்று பேசிக்கொண்டிருக்கும். மூன்றாவது சரணம் வரும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி நில். பெனிட்டா உனக்காக ஒரு தாளம் கூடுதலாக வாசித்துக் காத்திருப்பாள்.

பத்து வயசில் உன் காலரைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அம்மா இப்போது பதினேழு பேர் அறியத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீ வாயை மட்டும் அசைக்காதே மக்கா. எனக்குச் சத்தம் கேட்க வேண்டும்.

அம்மா